ஆழம் தெரிந்து காலை வைப்போம்

(நீர்வீழ்ச்சிப் பயணத்தை முன்னிட்டு நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பெரிய பேச்சாளன் அல்லன். ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு சாதாரண வாத்தியார். இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்பதற்குக் காரணம் ஒரு கணக்கு. நீர்வீழ்ச்சிப் பயணத்துக்காக 32 வீடுகளுக்கு அனுமதிப் பாரம் அனுப்பினோம். 19 பாரங்கள் கையெழுத்தோடு திரும்பி வந்தன. மீதி 13 வரவில்லை. அந்தப் பதின்மூன்று வீட்டுப் பெற்றோரோடு பேசத்தான் இந்தக் கூட்டம். கையெழுத்துப் போட்டவர்களும் கேட்க வேண்டும். ஏனென்றால் அவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு தாயார் என்னிடம் நேரிலேயே வந்து சொன்னார்: "சார், இவனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல இருக்கு. இருக்கிறது ஒரே பையன். நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க."

அம்மா, நான் தப்பாக நினைக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. எனக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு பழைய பயம் உண்டு. இதுவரை மேடையில் சொல்லாததை இன்று சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்ததும் நானும் என் கூட்டாளியும் அங்கே போனோம். அவனுடைய சிலிப்பர் ஒன்று தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. புது சிலிப்பர். வீட்டில் அடி விழுமே என்று அவன் எட்டி எடுக்கப் போனான். கால் வழுக்கியது. நான் கரையில் நின்று கத்தினேன். ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தேன். ஆள் வந்தார்கள்; அவன் வரவில்லை.

பல வருடம் கழித்துத்தான் ஒரு விஷயம் என் நினைவுக்கு வந்தது. நான் நின்ற இடத்தில், என் காலடியிலேயே, வெட்டிப் போட்ட செம்பனை மட்டை ஒன்று கிடந்தது. ஓர் ஆள் உயரத்துக்கும் கூடுதலான மட்டை. அதை நீட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "தண்ணிப் பக்கம் போகாதே" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

பெற்றோர்களே, "போகாதே" என்ற ஒரு சொல் பிள்ளையைக் காப்பாற்றிவிடும் என்றால் நான் இன்றைக்கே இந்தப் பயணத்தை நிறுத்திவிடுவேன். ஆனால் நம் பிள்ளைகள் தண்ணீருக்கு நடுவில்தான் வளர்கிறார்கள். லிங்கியூ ஆறும் சாயோங் ஆறும் கூடி ஜொகூர் ஆறாக மாறும் வட்டாரம் இது. தோட்டத்தில் வாய்க்கால், குட்டை எங்கும் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை கோத்தா திங்கி பட்டணமே மூழ்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீரைத் தேடி நாம் போகாவிட்டாலும் தண்ணீர் நம்மைத் தேடி வரும்.

உலகக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்தக் குழந்தைகள் உல்லாசப் பயணமா போனார்கள்? வீட்டுப் பக்கத்துத் தண்ணீரே அவர்களுக்கு எமனாகிவிட்டது.

அதற்காகப் பள்ளிக்கூடத்தார் கூட்டிப் போனால் ஒன்றும் ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அது பொய். 2009 அக்டோபர் 26-ஆம் நாள் இரவு, பேராக்கில் கம்பார் பக்கத்தில் உள்ள கோலா டீப்பாங்கில், மாணவர் முகாம் நடந்த இடத்தில் ஆற்றின் மேல் இருந்த தொங்குபாலம் அறுந்தது. மூன்று தமிழ்ப்பள்ளி மாணவிகள் ஆற்றில் விழுந்து மாண்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள். 2010 ஜனவரி 17-இல் பினாங்குக் கடலில் டிராகன் படகு ஓட்டப் பயிற்சிக்குப் போன ஒரு பள்ளிக் குழுவின் படகு கவிழ்ந்து ஆறு பேர் இறந்தார்கள். ஆகவே உங்கள் பயம் நியாயமான பயம். அந்தப் பயத்தோடு நின்றுவிடாமல் அதை ஆயத்தமாக மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி.

இனி, நாம் எங்கே போகிறோம் என்பதைச் சொல்கிறேன். கோத்தா திங்கி பட்டணத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், முந்தாஹாக் மலையடிவாரத்தில் உள்ள லொம்போங் நீர்வீழ்ச்சி. முப்பது மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து தண்ணீர் பாறைகளின் மேல் விழுந்து, அடியில் தடாகமாகத் தேங்கி ஓடுகிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு, அமைதியாக நிற்கும் நீர்நிலை ஒன்றில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு கனூ என்ற சிறு படகைத் துடுப்புப் போட்டு ஓட்டக் கற்பது. இவ்வளவுதான் திட்டம். இடம் திறந்திருக்கிறதா, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று முதல் நாளே கேட்டறிந்த பிறகுதான் பஸ் புறப்படும்.

ஆறாம் வகுப்புப் பையன்களுக்கு இது போதவில்லை. "சார், குகைக்குள்ள படகு விட்டுட்டுப் போவாங்களே, அங்க கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். தம்பிகளே, தாய்லாந்தில் பாங் ஙா குடாக்கடலில் அப்படிப் போகிறார்கள். சுண்ணாம்புக்கல் தீவுகளின் அடியில் கடல் குடைந்த குகைகள் உண்டு. கடல் ஏற்றத்தில் வாசல் தண்ணீரில் மூடிவிடும். சில குகைகளில் நீர் வற்றினாலும் படகு போகாது. இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் நுழைய முடியும். கூரை மூக்கில் இடிக்கும்போது படகிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே எத்தனை அழகாக இருந்தாலும், வழிகாட்டி "கிளம்பு" என்றால் கிளம்பியாக வேண்டும். அங்கே எஜமான் கடல். வழிகாட்டி அதன் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறவர்.

மலைக் குகையின் எஜமான் மழை. 2018 ஜூன் 23-ஆம் நாள், தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 பையன்களும் அவர்களுடைய பந்துப் பயிற்சியாளரும் போனார்கள். மழை மாதங்களில் உள்ளே வெள்ளம் வரும் என்ற அறிவிப்பு அங்கேயே இருந்தது. மழை பிடித்தது, வழி அடைபட்டது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 2-ஆம் நாள்தான் அவர்கள் உயிரோடு இருப்பது தெரிந்தது. ஜூலை 8 முதல் 10 வரை, முக்குளிப்பு வீரர்கள் பல நாடுகளிலிருந்து வந்து ஒவ்வொருவராக வெளியே கொண்டு வந்தார்கள். பதின்மூன்று பேரும் பிழைத்தார்கள். ஆனால் மீட்கப் போன முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரைக் கொடுத்தார். குகைக்கு நாம் இப்போது போகவில்லை. அந்தப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: நாம் நிற்கிற இடத்து வானத்தைப் பார்த்தால் போதாது, தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்து வானத்தைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதைக் 'கெப்பாலா ஆயிர்' என்கிறோம். தண்ணீரின் தலை. மலை உச்சியில் மழை கொட்டும். கீழே குளிக்கிறவனுக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். மேலே இலையும் கிளையும் மரமும் அடைத்து நின்ற தண்ணீர் ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு, சுவர் மாதிரி இறங்கும். கணுக்கால் அளவு ஓடிய ஓடை சில நிமிடத்தில் ஆளை அடிக்கும்.

இது நமக்குப் புதிது அல்ல. 2001 டிசம்பர் 27-இல் வாமெய் சூறாவளி ஜொகூர் கரையைத் தொட்டது. அந்த மழையில் கூலாய் பக்கத்துப் புலாய் மலையிலிருந்து மண்ணும் மரமும் தண்ணீருமாக இறங்கி, அடிவாரத்தில் ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது. நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டிலும் 2024 மே 17-ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே குற்றாலத்தில் பெரிய அருவியின் முகப்பில் ஒரு வளைவு உண்டு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. படிக்காதவருக்கும் புரியும் அடையாளம். நமக்கு அந்த வளைவு இல்லை; ஆகவே அடையாளங்களை நாம் மனப்பாடம் செய்ய வேண்டும்.

பிள்ளைகளே, எல்லாரும் கேளுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் சருகும் கூட்டமாக மிதந்து வந்தால், சற்று முன் தெரிந்த கல் மறைந்தால், அருவியின் சத்தம் கூடினால், மலை முகடு கறுத்தால், வெளியே வா. சட்டையை எடுக்காதே, சிலிப்பரைத் தேடாதே. ஆற்றின் ஓரமாகக் கீழ்ப்பக்கம் ஓடாதே. தண்ணீர் உன்னைவிட வேகமாக ஓடும். கரை ஏறி மேட்டுக்குப் போ. இடி கேட்டாலும் அப்படியே. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது எண்ணி முடியவில்லை என்றால் மின்னல் பக்கத்தில் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

இந்தக் காரணத்தால்தான் நவம்பர் முதல் மார்ச் வரை உள்ள மழைக்காலத்தைத் தவிர்த்து நாள் குறிக்கிறோம். மற்ற மாதங்களிலும் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இடிமழை பிடிக்கும். ஆகவே விடியற்காலையில் கிளம்பி, தண்ணீர் வேலையை மத்தியானத்துக்குள் முடித்துக்கொள்வோம்.

அடுத்து, மிதவைச் சட்டை. படகில் ஏறுகிற எல்லாரும், ஆசிரியர் உட்பட, போட்டே ஆக வேண்டும். பெரிய அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகாது. மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது அவனுக்குச் சட்டை அல்ல. தண்ணீரில் விழுந்ததும் கழன்றுவிடும். எல்லாக் கொக்கியையும் மாட்டி, வாரை இறுக்க வேண்டும். "வேர்க்குது சார்" என்று கொக்கியைக் கழற்றுகிறவன் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

படகில் ஒவ்வொருவராக ஏறி, குனிந்தபடி நடுவில் கால் வைத்து உட்கார வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. கவிழ்ந்தால் படகை விடாமல் பிடித்துக்கொள், படகு மிதக்கும். ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போனால், மல்லாந்து, கால்கள் முன்னால் நீரோட்டம் போகும் பக்கம் நீட்டியபடி, விரல் மேலே தெரிய மிதக்க வேண்டும். நடுவில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். அருவி விழுகிற இடத்துக்கு நேர் அடியில் யாருக்கும் வேலை இல்லை. அங்கே தண்ணீர் சுழன்று கீழே இழுக்கும். மேலிருந்து கல்லும் கட்டையும் விழும். பக்கத்துப் பாறையில் ஏறுவதும் கிடையாது.

இன்னொருவன் தத்தளித்தால் என்ன செய்வது? குதிக்காதே. இது மிக முக்கியம். மூழ்குகிறவன் கையில் கிடைத்ததை அமுக்குவான்; இரண்டு பேரும் போவார்கள். சத்தம் போடு. மட்டை, துடுப்பு, துண்டு, எது இருந்தாலும் படுத்துக்கொண்டு நீட்டு. எட்டாவிட்டால் கயிறு, மூடிய காலித் தண்ணீர்ப் போத்தல், ஐஸ் பெட்டி, எது மிதக்குமோ அதை எறி. இதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளித் திடலில் பழகி வருகிறோம். புல்தரைதான் ஆறு. முதல் வாரம் சிரித்தார்கள். இப்போது நாலாம் வகுப்புப் பெண்பிள்ளை பத்தடி தூரத்துக்குக் குறி தவறாமல் கயிறு எறிகிறாள். பயணத்துக்கு வராத பிள்ளைகளும் இந்தப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்திருக்கிறோம். விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும், அரை மணிக்கு ஒரு முறையும் தலை எண்ணுவோம். பெயர்ப் பட்டியல் ஒன்று என்னிடம், ஒன்று பஸ்ஸில், ஒன்று பள்ளி அலுவலகத்தில். மலையடிவாரத்தில் கைப்பேசியை நம்ப முடியாது. ஆகவே, குறித்த மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் 999-க்குக் கூப்பிட வேண்டிய பொறுப்பு பள்ளியில் இருக்கும் ஓர் ஆசிரியருக்கு.

பெற்றோர்களே, இனி உங்கள் பங்கு. பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, இதய நோய், மாத்திரை எதுவானாலும் பாரத்தில் உண்மையை எழுதுங்கள். "சொன்னால் கூட்டிப் போக மாட்டார்கள்" என்று மறைக்காதீர்கள். தெரிந்தால் அதற்குத் தகுந்த ஏற்பாடு செய்யலாம், தெரியாவிட்டால்தான் ஆபத்து. சிலிப்பர் வேண்டாம், பின்பக்கம் வாருள்ள பழைய சப்பாத்து போதும், புதிதாக வாங்க வேண்டாம். கனத்த ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இழுக்கும். கொலுசு, சங்கிலி வீட்டில் இருக்கட்டும். மாற்றுத் துணி, துண்டு, தண்ணீர், இழுப்புக்காரப் பிள்ளைக்கு அதன் மருந்து. காலையில் பசியாறிவிட்டு வர வேண்டும்; வெறும் வயிற்றோடு பஸ் ஏற விட மாட்டேன்.

காலில் கையில் ஆறாத புண் இருந்தால் அந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்காது. எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலைத் தோட்டத்தில் எல்லாரும் அறிவீர்கள். 2010-இல் பகாங், லுபோக் யூ என்ற நீர்வீழ்ச்சிப் பகுதியில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேட இறங்கியவர்களில் எட்டுப் பேர் பிறகு நோய்ப்பட்டு இறந்தார்கள். நீரிலும் சேற்றிலும் இருந்த கிருமிதான் காரணம். ஆற்று நீரை விழுங்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தசைவலி வந்தால், கிளினிக்கில் "ஆற்றில் இறங்கினான்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் டாக்டருக்குப் பெரிய உதவி.

இப்போது என் வேண்டுகோள். போன பயணம் உங்களுக்கு நினைவிருக்கும். காலை ஒன்பதரை மணிக்கு இடத்தைச் சேர்ந்தோம். வெயில் நன்றாக இருந்தது, தண்ணீர் முழங்கால்தான். வழிகாட்டி மலையைப் பார்த்தார், தண்ணீரில் வந்த சருகைப் பார்த்தார். "சிக்கு, இன்னிக்கு வேண்டாம்" என்றார். பிள்ளைகள் அழுதார்கள். கட்டிக்கொண்டு போன சோற்றைக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கால் நனையாமல் திரும்பி வந்தோம். அன்று அங்கே வெள்ளம் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். ஒரு பெற்றோர் என்னிடம், "முப்பது வெள்ளி தண்டம் சார்" என்றார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. முப்பது வெள்ளி நம் வீடுகளில் சின்னக் காசு அல்ல என்று எனக்குத் தெரியும். நானும் தோட்டத்துப் பிள்ளைதான்.

ஆனாலும் சொல்கிறேன்: வெள்ளம் வராவிட்டாலும் அந்த முடிவு சரியான முடிவு. வந்த பிறகு எடுக்கிற முடிவு யாருக்கு வேண்டும்? வழிகாட்டி, மிதவைச் சட்டை, கயிறு எல்லாவற்றுக்கும் மேலான ஆயத்தம் ஒன்று உண்டு. தேவைப்பட்டால் திரும்பிவிடுவோம் என்ற தீர்மானத்தைப் புறப்படும் முன்பே எடுத்து வைத்திருப்பதுதான் அது. அந்தத் தீர்மானத்தை நான் தனியாக எடுக்க முடியாது. "காசு வீணாச்சே" என்ற சொல் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை மேகத்தைப் பார்த்தும், "பத்து நிமிடம்தானே" என்று நான் தவறிவிடக்கூடும். அந்தப் பத்து நிமிடத்தை எனக்குக் கொடுக்காதீர்கள்.

ஆகவே கையெழுத்துப் போடுகிறவர்கள், பயணத்துக்குப் போடுவதுபோலவே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போடுங்கள். போட மனம் இல்லாதவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளையை வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு மட்டும் விடுங்கள். தண்ணீரில் கண்டம் என்று பயந்த அந்த அம்மாவின் மகன் இப்போது திடலில் மட்டை நீட்டிப் பழகுகிறான். அவன் பயணத்துக்கு வருவானோ மாட்டானோ, அது அம்மாவின் விருப்பம். ஆனால் அவன் என்றைக்காவது ஒரு குட்டைக் கரையில் நிற்க நேர்ந்தால், காலடியில் கிடப்பது என்ன என்று அவனுக்குத் தெரியும்.

பிள்ளைகள் அன்று மாலை பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, உடை நனைந்திருந்தாலும் சரி, காய்ந்திருந்தாலும் சரி, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். "வந்துட்டோம்" என்று முப்பத்திரண்டு குரலும் சேர்ந்து சொல்லட்டும்.